சோபா உட்கார்ந்து போனதற்கு யார் பொறுப்பு?

திருவான்மியூரில் சாமான்களோடு வாடகைக்கு எடுத்து ஏழு வருஷம் குடியிருந்த வீட்டை 2024 மே மாதம் காலி செய்தோம். சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. ஹால் சோபா 38,000. மெத்தை இரண்டு, 16,000. பெட்ரூம் அலமாரி 9,500. டைனிங் டேபிள் பாலிஷ் 5,000. ஃப்ரிட்ஜ் கேஸ்கெட்டும் காய்கறி டிரேயும் 3,000. ஆக மொத்தம் 71,500 ரூபாய். இதைக் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸைத் தருவதாக எழுதியிருந்தது. நாங்கள் கொடுத்திருந்த அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். கிட்டத்தட்ட பாதி போகிறது.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. பணம் போகிறதே என்ற கவலை இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என்னை அதிகம் தைத்தது அந்தப் பட்டியலின் தலைப்பு. 'வீட்டில் செய்த சேதம்' என்று போட்டிருந்தார்கள். ஏழு வருஷமும் ஆடி மாதம் முடிந்ததும் ஒட்டடை அடித்து, பொங்கலுக்குப் பொங்கல் கட்டிலை நகர்த்திக் கூட்டித் துடைத்து வைத்திருந்த வீடு அது. வந்து பாழாக்கிவிட்டுப் போனவர்கள் போல எங்களை யாரோ எழுதிவிட்டார்கள் என்று தோன்றியது.

வீட்டுக்காரர் அமெரிக்காவில் இருக்கிறார். அவருடைய சித்தப்பா, எழுபது தாண்டியவர், பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு வீட்டைப் பார்த்துக்கொண்டார். நல்ல மனிதர். தண்ணீர் லாரி வராத நாளில் தன் வீட்டிலிருந்து குடம் கொடுத்தவர். அவர் கையால் இப்படி ஒரு பட்டியல் வந்ததில் எனக்கு ஆச்சரியம். மறுநாள் காலையில் போன் செய்தேன்.

"சார், சோபாவை நாங்க உடைக்கவே இல்லையே."

"உடைச்சீங்கன்னு நான் சொல்லலைம்மா. ஆனா நீங்க வரும்போது நிமிர்ந்து இருந்தது. இப்ப உட்கார்ந்தா எழுந்திருக்க முடியலை. அடுத்து வர்றவங்க கேப்பாங்களா இல்லையா? பையன் என்னைத்தான் கேக்கறான்."

அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. சோபா நிமிர்ந்து இருந்தது, இப்போது இல்லை. இடையில் அதில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அப்படியானால் யார் பொறுப்பு? இந்த ஒரு கேள்விக்காக அடுத்த மூன்று வாரம் அலைந்தேன், படித்தேன், கேட்டேன். சென்னையில் ஓஎம்ஆர் பக்கம், கோவையில், வெளிநாட்டிலிருப்பவர்கள் வாங்கிப்போட்ட ஃபர்னிஷ்டு வீடுகளில் பல வருஷமாகக் குடியிருக்கும் எத்தனையோ குடும்பங்கள் இதே இடத்தில் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சோபா. வாய்ச்சண்டை வேண்டாம், தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று பெரியவரிடம் கேட்டேன். ஒப்புக்கொண்டார். பெருங்குடியிலிருந்து சோபா வேலை செய்கிற ஒரு தம்பி வந்தார். வந்ததும் சோபாவைக் கவிழ்த்துப்போட்டு, அடியில் அடித்திருந்த கறுப்புத் துணியைக் கத்தியால் கீறிப் பிரித்தார். நாங்கள் இருவரும் குனிந்து பார்த்தோம். ஏழு வருஷம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன், அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

மரச்சட்டம். அதன் குறுக்கும் நெடுக்குமாக எலாஸ்டிக் பெல்ட். பெல்ட்டைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் ஸ்டேப்ளர் பின்கள். அதன்மேல்தான் ஃபோம். பின்களில் பாதி துருப்பிடித்து உதிர்ந்திருந்தன. நாலு பெல்ட் ஒரு பக்கம் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. மீதி பெல்ட்டை விரலால் இழுத்துக் காட்டினார். திரும்பிப் போகவில்லை, அப்படியே தொய்ந்து நின்றது.

"கடல் காத்துக்கா. இந்தப் பக்கம் எல்லா வீட்லயும் பின் இப்படித்தான் போவும். ஃபோம் 32 டென்சிட்டி போட்டிருக்காங்க. 40 போட்டிருந்தா இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். இது உட்கார்ந்து போனது ஐயா, உடைச்சது இல்ல. குழந்தைங்க குதிச்சு உடைஞ்சிருந்தா சட்டம் விரிஞ்சிருக்கும். பாருங்க, சட்டம் அப்படியே இருக்கு."

'உட்கார்ந்து போனது', 'உடைச்சது'. இரண்டே சொல்லில் அவர் பிரித்துக்காட்டியதைத்தான் பிறகு நான் சட்டத்திலும் படித்தேன். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. துணியைத் திரும்ப அடித்துக் கொடுக்கச் சொன்னார்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108-ஆம் பிரிவு. குத்தகைக்கு எடுத்தவர் சொத்தைத் தான் வாங்கிய நிலையிலேயே திருப்பித் தரவேண்டும். ஆனால் நியாயமான தேய்மானத்தாலும், தடுக்க முடியாத சக்தியாலும் ஏற்பட்ட மாற்றங்களுக்கு அவர் பொறுப்பில்லை. இது அதன் சாரம். நூற்று நாற்பது வருஷத்துக்கு மேலாக இந்த வரி இருக்கிறது. நம் வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இந்த வரியின் முதல் பாதியை மட்டும் டைப் அடித்துவிட்டு, இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். எங்கள் ஒப்பந்தத்திலும் 'பெற்ற நிலையிலேயே ஒப்படைக்க வேண்டும்' என்று மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு பதினொரு மாதத்துக்கும் அதே ஷரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். படித்துப் பார்த்தது கடைசியில்தான்.

மரச்சாமான்களை வாடகைச் சட்டங்கள் கணக்கில் எடுக்கின்றனவா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. சுவர், தளம், கதவு இவற்றைப் பற்றித்தானே பேசுவார்கள் என்று நினைத்தேன். தமிழ்நாட்டில் 2019 வரை நடைமுறையில் இருந்த 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துப் பார்த்தால், 'கட்டடம்' என்ற சொல்லின் விளக்கத்துக்குள்ளேயே வீட்டுக்காரர் உபயோகத்துக்குக் கொடுத்த மரச்சாமான்களும் அடக்கம். கூரை எப்படியோ கட்டிலும் அப்படி. அந்தக் காலத்திலேயே யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

அதற்குப் பதிலாக வந்தது, 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகளை முறைப்படுத்தும் சட்டம். அதன் இரண்டாம் அட்டவணையில், யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். கட்டடத்தின் பெரிய பழுது, வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் மாற்றிப் பதிப்பது, மின்சார ஒயரிங் இவையெல்லாம் வீட்டுக்காரர் பக்கம். குழாய் வாஷர், அடைப்பு எடுப்பது, கீசர், சுவிட்ச், உடைந்த ஜன்னல் கண்ணாடி, கதவு அலமாரிகளின் கைப்பிடி, பூட்டு இவை குடியிருப்பவர் பக்கம். கீசர் நம் தலையில் விழும் என்பது பலருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆனால் சோபா? கட்டில்? மெத்தை? இரண்டு பக்கத்திலும் இல்லை. ஒப்பந்தத்தில் தனியாக எழுதிக்கொண்டால்தான் உண்டு. எழுதாவிட்டால் தேய்மானம் என்ற பொது விதிதான் துணை. எங்கள் ஒப்பந்தத்தோடு ஒரு சாமான் பட்டியல் இருந்தது. அதில் 'சோபா 1, கட்டில் 2, மெத்தை 2, டைனிங் டேபிள் 1, நாற்காலி 6' என்று எண்ணிக்கை மட்டும். எந்த வருஷம் வாங்கியது, அன்றைக்கு எந்த நிலையில் இருந்தது என்று ஒரு சொல் கிடையாது. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, சாமான் காணாமல் போயிற்றா இல்லையா என்று மட்டும்தான் சொல்ல முடியும். தேய்ந்ததா, சேதமா என்று சொல்லவே முடியாது. சண்டை எல்லாம் அங்கேதான் பிறக்கிறது.

இப்போது பணக் கணக்குக்கு வருகிறேன். இதுதான் நான் சொல்ல வந்ததிலேயே முக்கியம்.

நாங்கள் குடிவந்த 2017 ஜூனில் எங்கள் வாடகை 22,000. மேல் மாடியில் அதே அளவு, அதே ரெண்டு பெட்ரூம், சாமான் இல்லாத வீடு 17,000. வித்தியாசம் 5,000. பிறகு இரண்டு வாடகையும் ஏறின, வித்தியாசம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஏழு வருஷம், 84 மாதம். 4,20,000 ரூபாய். அந்த வீட்டிலிருந்த சாமான் அத்தனையையும் அன்றைக்குக் கடையில் புதிதாக வாங்கியிருந்தாலும் மூன்று லட்சத்துக்குள் முடிந்திருக்கும். இந்த 5,000 எதற்காக? சாமான்களைப் பயன்படுத்துவதற்கான கூலி. பயன்படுத்தினால் தேயும் என்பது கொடுக்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். தேய்மானத்துக்கான பணம் மாதாமாதம் வாடகையோடு போய்ச் சேர்ந்துவிட்டது. போகும்போது அதே தேய்மானத்துக்கு அட்வான்ஸிலிருந்து இன்னொரு முறை எடுப்பது, ஒரே பொருளை இரண்டு தடவை விற்பது போல. என் வாதம் இவ்வளவுதான். இதிலிருந்து நான் இன்றுவரை மாறவில்லை.

வருமான வரியும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் வீட்டுக்காரரைப் பார்த்தது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில், வீட்டு வாடகை வருமானத்தில் சொத்து வரி போக மீதியில் 30 சதவீதத்தைக் கழித்துக்கொள்ள முடிந்தது. பழுது பார்த்தேன் என்று ரசீது காட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. சாமான்களும் வீடும் பிரிக்க முடியாதபடி சேர்ந்தே வாடகைக்குப் போனால், அந்த வருமானத்தை வேறு தலைப்பில் காட்டி, பழுதுச் செலவு, தேய்மானம் இரண்டையும் கழிக்க 57-ஆம் பிரிவு இடம் கொடுத்தது. அதாவது தேய்மானம் என்பது வாடகை சம்பாதிப்பதற்கு ஆகும் செலவு என்று அரசாங்கமே ஒத்துக்கொண்ட விஷயம். சம்பாதிக்கிறவர் யாரோ, செலவும் அவருடையது.

சோபாவின் விலைக்கு ஆதாரமாக வீட்டுக்காரர் ஒரு பில்லைப் படம் எடுத்து அனுப்பினார். 31,000 ரூபாய், 2014-ஆம் வருஷத் தேதி. இப்போது அதே மாதிரி சோபா 38,000 ஆகிறது, அதனால் 38,000 என்றார். ஆக நாங்கள் வரும்போதே சோபாவுக்கு மூன்று வயது. போகும்போது பத்து. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை மரச்சாமான்களுக்குப் பொதுவாகக் கொடுக்கும் ஆயுள் பத்து வருஷம். அந்தக் கணக்கில் அதன் மதிப்பு முடிந்துவிட்டது. வருமான வரிக் கணக்கு இன்னும் தாராளமானது. ஒவ்வொரு வருஷமும் மீதி மதிப்பில் 10 சதவீதம் குறைக்கும். அப்படிப் பார்த்தாலும் 31,000 பத்து வருஷத்தில் 10,800 சொச்சம் ஆகிவிடுகிறது. நாங்கள் அதைக் கோடாலியால் வெட்டியிருந்தால்கூட அந்த 10,800-ஐத்தான் கேட்க முடியும். புதுசு விலையைக் கேட்க முடியாது.

இங்கிலாந்தில் ஃபர்னிஷ்டு வீட்டில் இருக்கும் என் தம்பியிடம் இதைச் சொன்னபோது, அங்கே இது பழகிப்போன விஷயம் என்றான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007 ஏப்ரலிலிருந்து அட்வான்ஸ் பணத்தை அரசு அங்கீகரித்த ஒரு திட்டத்தில் பாதுகாப்பாக வைக்க வேண்டும். தகராறு வந்தால் நடுவர் பார்ப்பார். பொருளின் வயது, தரம், எத்தனை பேர் குடியிருந்தார்கள் என்றெல்லாம் பார்த்துவிட்டு, பழைய பொருளுக்குப் பதில் புதுசு கிடைத்து வீட்டுக்காரர் முன்பைவிட மேலான நிலைக்குப் போய்விடக் கூடாது என்ற விதியை வைத்துத் தீர்ப்பார்களாம். நம் ஊரில் அட்வான்ஸ் வீட்டுக்காரர் கையிலேயே இருப்பதால் கணக்குப் போடுகிறவரும் அவர்தான், தீர்ப்புச் சொல்கிறவரும் அவர்தான். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக அட்வான்ஸைத் திருப்பித் தரவேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. எது நியாயமான பிடித்தம் என்பதில்தான் ஆளுக்கு ஓர் அகராதி.

இதுவரை படித்துவிட்டு, குடியிருப்பவர் எதற்கும் பொறுப்பில்லை என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்த டைனிங் டேபிளைப் பற்றிச் சொல்கிறேன்.

அது தேக்கு. பெரியவரின் அண்ணி, அதாவது வீட்டுக்காரரின் அம்மா, ஆசாரியை வீட்டுக்கே வரவழைத்துச் செய்தது. அவர் இப்போது இல்லை. 2020-இல், ஊரடங்கு சமயம், ஒருநாள் அவசரத்தில் நான் குக்கரை அடுப்பிலிருந்து இறக்கி நேரே அந்த டேபிள்மேல் வைத்துவிட்டேன். பாலிஷ் வெளுத்து வட்டமாகத் தடம் விழுந்தது. தேங்காய் எண்ணெய் தேய்த்தேன், வேறு என்னென்னவோ செய்தேன், போகவில்லை. பிறகு அதன்மேல் ஒரு விரிப்பைப் போட்டு வைத்தேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. இது தேய்மானம் இல்லை. இது என் கை செய்தது. சொல்லாமல் விட்டது அதைவிடத் தப்பு. வட்டத்தை மட்டும் தனியாகப் பாலிஷ் போட முடியாது, மேல்பலகை முழுவதையும் சுரண்டித்தான் போடவேண்டும் என்றார்கள். பழைய பாலிஷின் வயதைக் கழித்துப் பாதி கொடுத்தால் போதும் என்று வாதாடியிருக்கலாம். நான் முழு 5,000-ஐயும் கொடுத்தேன். ஃப்ரிட்ஜின் காய்கறி டிரேயும் எங்கள் கையில் விழுந்து விரிந்ததுதான், அதற்கு 1,200. கேஸ்கெட் ரப்பர் தளர்ந்தது வயதால். அதற்கு மாட்டேன் என்றேன்.

அலமாரி விஷயத்தில் எங்களைக் காப்பாற்றியது ஒரு பழைய வாட்ஸ்அப் செய்தி. பாத்ரூம் சுவரை ஒட்டி நின்ற அலமாரி அது, பார்ட்டிகிள் போர்டு. 2019 நவம்பரில் சுவரில் ஓதம் ஏறி அடிப்பலகை உப்பத் தொடங்கியது. அன்றே படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பியிருந்தேன். 'சித்தப்பாவைப் பார்க்கச் சொல்றேன்' என்று பதிலும் வந்திருந்தது. யாரும் வரவில்லை, நாங்களும் பிறகு கேட்கவில்லை. சுவருக்குள் ஓடும் குழாய் அவருடைய பொறுப்பு, அதிலிருந்து வந்த ஓதத்தால் போன பலகைக்கு நாங்கள் எப்படிப் பணம் கொடுப்பது? அந்தப் படத்தைத் தேதியோடு திருப்பி அனுப்பியதும் 9,500 பட்டியலிலிருந்து போய்விட்டது. அந்தச் செய்தி மட்டும் இல்லாதிருந்தால், துணி ஈரத்தோடு வைத்துக் கெடுத்துவிட்டார்கள் என்றுதான் முடிந்திருக்கும். மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டமும் இதைத்தான் கேட்கிறது: குடியிருப்பவர் வீட்டையும் அதிலுள்ளவற்றையும் நியாயமான கவனத்தோடு வைத்திருக்க வேண்டும், சேதம் கண்டால் கூடிய சீக்கிரம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் மூடி வைப்பவர்கள் தங்கள் பக்க நியாயத்தையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். குக்கர் வட்டத்தின்மேல் விரிப்புப் போட்ட நான்தான் சொல்கிறேன்.

மெத்தைக் கதை வேறு மாதிரி. நீண்ட நாள் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே வரும் தொல்லை இது. நாங்கள் வந்து நாலு வருஷத்தில் தென்னை நார் மெத்தை இரண்டும் நடுவில் பள்ளம் விழுந்துவிட்டன. என் மாமியாருக்கு முதுகுவலி. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டோம். "நீங்கதானே படுக்கறீங்க, நீங்களே வாங்கிக்குங்க" என்றார் வீட்டுக்காரர். வாங்கிக்கொண்டோம். ஆனால் பழைய மெத்தையை என்ன செய்வது? அது அவருடைய பொருள், தூக்கிப்போட முடியாது. பட்டியலில் 'மெத்தை 2' என்று இருக்கிறதே. பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றிப் பரண்மேல் ஏற்றினோம். மூன்று வருஷம் யாருக்கும் பயன்படாத இரண்டு மெத்தைகளுக்கு வாடகை இடம் கொடுத்துக் காவல் காத்தோம். கடைசியில் அவற்றைப் பிரித்துப் பார்த்து, பள்ளம் விழுந்திருக்கிறது, 16,000 என்கிறார்கள்.

மாதம் 5,000 கூடுதலாக வாங்குகிறவர் அந்த 5,000-க்கான பொருளை உபயோகிக்கத் தக்க நிலையில் வைத்திருக்க வேண்டும். பொருள் செத்துவிட்டால் மாற்றித் தரட்டும். முடியாவிட்டால் அதை எடுத்துக்கொண்டு போய், பட்டியலில் அடித்துவிட்டு, வாடகையில் அதற்கான தொகையைக் குறைக்கட்டும். செத்த மெத்தைக்கு வாடகை வாங்குவதும், அதையே பாதுகாத்துத் திருப்பித் தரச் சொல்வதும், பிறகு அது செத்ததற்கு நஷ்டஈடு கேட்பதும் எந்த ஊர் நியாயத்திலும் சேராது. இந்த இடத்தில் நான் குரலை உயர்த்தினேன். உயர்த்தியதற்கு வருத்தமில்லை.

வீட்டுக்காரர்கள் பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. கோவையில் என் அத்தை தன் வீட்டைச் சாமான்களோடு வாடகைக்கு விட்டிருந்தார். காலி செய்துவிட்டுப் போன பிறகு பார்த்தால், நாய் கடித்துக் கட்டில் கால் நான்கும் பல் பல்லாக இருந்தது, திவானின் துணியில் சிகரெட் ஓட்டைகள், டிவி ஸ்டாண்டின் கண்ணாடிக் கதவு இல்லவே இல்லை. பதினெட்டு மாதத்தில் அவ்வளவு. அத்தை இன்றைக்கும் அந்தக் கட்டிலைக் காட்டும்போது கண் கலங்குவார். அது அவருடைய கல்யாணச் சீர். அப்படிப்பட்டவர்களிடம் அட்வான்ஸைப் பிடிப்பதில் தப்பே கிடையாது, இன்னும் கூடப் பிடிக்கலாம். ஒருவர் செய்ததற்கு அடுத்து வருகிறவர் எல்லோரையும் சந்தேகப்படுவதுதான் கூடாது.

இன்னொரு விஷயம், சென்னைக்காரர்கள் மறக்கக் கூடாதது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமெல்லாம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. பெரும்பாக்கத்தில் தரைத்தளத்தில் இருந்த என் தோழியின் வீட்டில் வீட்டுக்காரருடைய பிளைவுட் கட்டில் இரண்டும் ஊறி அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிட்டன. அதற்கும் அட்வான்ஸில் கை வைத்தார்கள். 108-ஆம் பிரிவில் 'தடுக்க முடியாத சக்தி' என்று இருப்பது இதற்குத்தான். குடும்பத்தையே படகில் ஏற்றிக் கொண்டுபோன நாளில் கட்டிலை யார் தூக்கி வைப்பது? அவள் ஃப்ரிட்ஜைச் செங்கல்மேல் ஏற்றிவைத்துவிட்டுத்தான் வெளியேறியிருக்கிறாள். தன்னால் முடிந்த கவனத்தைக் காட்டிவிட்டாள். சட்டம் அதற்குமேல் கேட்பதில்லை. இந்த வரியைச் சொன்னதும் அவள் வீட்டுக்காரர் பணத்தை விட்டுக்கொடுத்தார்.

எங்கள் கதையும் வழக்கு, வாடகை அதிகாரி என்று போகாமல் முடிந்தது. ஜூன் இரண்டாம் வாரம் பெரியவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசினோம். பில், வாட்ஸ்அப் படம், சோபாத் தம்பி சொன்னது, 84 மாதக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு, "இதை முதல்லயே யாரும் எனக்கு இப்படிச் சொல்லலைம்மா. அண்ணி டேபிள்ல வட்டத்தைப் பார்த்ததும் எனக்குக் கோவம் வந்துடுச்சு. அந்தக் கோவத்துல எல்லாத்தையும் எழுதிட்டேன்" என்றார். அமெரிக்காவுக்கு அவரே பேசினார். டேபிளுக்கு 5,000, டிரேக்கு 1,200, ஆக 6,200 பிடித்துக்கொண்டு 1,43,800 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நாங்கள் வந்த வருஷமே, 2017-இலேயே, பட்டியலை ஒழுங்காக எழுதியிருந்தால் இந்த ஒரு மாத மனக்கசப்பு இரண்டு பேருக்கும் இல்லை. இப்போது இருக்கும் வீடும் பாதி ஃபர்னிஷ்டு. இந்த முறை கையெழுத்துப் போடும் முன் வீட்டுக்கார அம்மாவும் நானும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே வாங்கிய வருஷம், வாங்கிய விலை, இன்றைய நிலை. 'கட்டில், 2018, தலைமாட்டில் கீறல் இரண்டு, ஒரு டிராயர் சேனல் தளர்வு.' இப்படி. ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து, அன்றே இருவரும் பகிர்ந்துகொண்டோம். கூடவே மூன்று வரி சேர்த்தோம்: சாதாரண உபயோகத்தால் வரும் தேய்மானம் வீட்டுக்காரரைச் சேர்ந்தது, எங்கள் கவனக்குறைவால் சேதமானால் பொருளின் வயதைக் கழித்து நாங்கள் கொடுக்கிறோம், உபயோகிக்க முடியாமல் போன பொருளைப் பற்றித் தெரிவித்த முப்பது நாளுக்குள் அவர்கள் மாற்றவோ எடுத்துக்கொண்டு போகவோ வேண்டும். அந்த அம்மா தயங்கவே இல்லை. "எனக்கும் இது நல்லதுதானே, என் சாமான் எப்படி இருந்துதுன்னு எழுத்துல இருக்கும்" என்றார். ஒவ்வொரு வருஷமும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது பட்டியலையும் ஒரு நடை சரிபார்ப்பது என்று பேசியிருக்கிறோம். முதல் வருஷம் அப்படியே செய்தோம். அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

சாமான்களோடு வாடகைக்கு இருக்கிறவர்களும் விட்டிருக்கிறவர்களும் தயவுசெய்து இந்த வாரமே உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அதில் வெறும் எண்ணிக்கை மட்டும் இருந்தால், எதிர்ப்பக்கத்தவரைக் கூப்பிட்டு, வருஷத்தையும் நிலையையும் இரண்டு பேரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் பரவாயில்லை, இன்றைய தேதியைப் போட்டு எழுதுங்கள்.